ஹப்புக்குள் மூன்று குத்தா

சமீபத்தில் ஒரு நர்ஸ் என் முழங்காலுக்கு மருந்து போட்டார். போட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பஞ்சை அயோடினில் முக்கி, சிராய்ப்பின் மேல் வைத்து, தேவைக்கு மேலாக ஓர் அழுத்து அழுத்தினார்.

நான் அடிபட்டுப் பழகியவன். ஓடும் லாரியின் பின்பலகையிலிருந்து விழுந்திருக்கிறேன். ஹோட்டல் வேலையில் கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்திருக்கிறது. அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவன் அன்றைக்கு "ஆ..." என்று கத்திவிட்டேன்.

"வலிக்கா அண்ணே?"

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

ஒரு நர்ஸ் இப்படிச் சொல்லலாமா? அதுவும் ஸ்டெல்லா?

காரணம் ஒரு சைக்கிள். இல்லை, ஒரு நாய். சரியாகச் சொன்னால் நாலு நாய். குழப்பாமல் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா நாகர்கோவில் பக்கத்துக்காரர். தில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. ஜங்புராவில் நாங்கள் இருக்கும் வீட்டில் தரைத்தளத்து அறை அவருக்கு. ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். மொட்டைமாடி அறை எனக்கு — கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஃப்ரிட்ஜ். நடுவில் வீட்டுக்கார ஆன்ட்டிஜி.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஜாதகம் தெரியும். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஓரிடத்தில் உட்காராத உடம்பு. நாக்பூர், சூரத், லூதியானா என்று வேலை கிடைத்த ஊரிலெல்லாம் இருந்துவிட்டுத் தில்லிக்கு வந்து நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது போய் வராவிட்டால் இன்னமும் எனக்குச் சோறு இறங்காது.

போன வருடம் மழை முடிந்த சமயத்தில் டெங்கு வந்து மாடியில் கிடந்தேன். காய்ச்சல் எனக்குப் புதிதில்லை. லாரி ஷெட்டில் கிடந்திருக்கிறேன், ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்திருக்கிறேன். வரும், போகும். யாரும் கேட்டதில்லை, கேட்பார்கள் என்று நானும் எதிர்பார்த்ததில்லை.

இந்த முறை ஸ்டெல்லா கேட்டார். டியூட்டி முடிந்து வந்த கையோடு, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் மாடிப்படி ஏறி வருவார். நாடி பார்ப்பார். கஞ்சியும் பயறும் வைப்பார். "முழுசும் குடிக்கணும் கேட்டீங்களா? சாயங்காலம் வந்து பாத்திரத்த பாப்பேன்" என்று மிரட்டிவிட்டுப் போவார்.

அந்தக் கஞ்சிக்கு நான் திருப்பி என்ன செய்துவிட முடியும்? அவர் தூங்கும் நேரத்தில் சத்தம் போடாமலாவது இருக்கலாம் இல்லையா?

அதையும் நான் செய்யவில்லை.

என்னிடம் இருப்பது ரோடு பைக். மெலிந்த டயர், ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். வெளிநாடு போன ஒரு நண்பர் விட்டுப்போனது. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பின்சக்கரம் கோணிவிட்டது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ் அதிகாரி ஒருவர் — காலையில் சைக்கிள் ஓட்டும்போது பழக்கம் — தன்னிடம் சும்மா கிடந்த பின்சக்கரத்தைக் கொடுத்தார். அருமையான சக்கரம். "பெல்லே வேண்டாம் பாருங்க. நீங்க வர்றது அடுத்த தெருவுக்குக் கேக்கும்!" என்று பெருமையாக வேறு சொன்னார்.

கேட்டது. அடுத்த தெருவுக்கு மட்டுமா?

சைக்கிள் ஓட்டாத வாசகர்களுக்கு ஒரு நிமிடப் பாடம். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளைக்குப் பெயர் ஹப். அதற்குள் பற்கள் வெட்டிய ஒரு வளையம். அந்தப் பற்களைக் கவ்விப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன இரும்பு நாக்குகள். பெடலை மிதித்தால் நாக்கு பல்லைக் கவ்வும், சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்து வந்தால் நாக்கு ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கும். டிக் டிக் டிக். அதுதான் அந்தச் சத்தம்.

கவனித்தீர்களா? உழைக்கும்போது சத்தமில்லை. உழைப்பை நிறுத்தி, பழைய வேகத்தில் சொகுசாக வரும்போதுதான் சத்தம். மனிதர்களிலும் இந்த ரகம் உண்டு... வேண்டாம், விடுங்கள்.

அந்த நாக்குக்கு வடக்கே பட்டறைகளில் ஒரு பெயர் இருக்கிறது — குத்தா. ஆமாம், நாய். லூதியானாவில் சைக்கிள் பாகங்கள் செய்யும் பட்டறையில் ரிம் பாலிஷ் போட்ட காலத்தில் கற்றுக்கொண்டேன். கவ்வினால் விடாது, விட்டால் குரைக்கும். வேறு என்ன பெயர் வைப்பார்கள்? என் பழைய ஹப்பிலும் குத்தா இருந்தது, சாதுவான குத்தா. இந்தப் புது ஹப்பில் மூன்று. மூன்றும் முரட்டு ஜாதி.

நிஜ நாயையும் அறிமுகப்படுத்தி விடுகிறேன். பெயர் காலூ. இந்தியில் கருப்பன் என்று அர்த்தம். தமிழ்க் காதுக்குக் 'கால்' என்று கேட்கும். இரண்டும் பொருத்தம்தான், கருப்பு நாய், பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடும். பக்கத்தில் பாராபுலா சாக்கடை ஓரம் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இருந்ததே, அங்கே வளர்ந்தது. கேம்ப்பை இடித்தபோது சிலருக்குத் தில்லியின் மறுகோடி நரேலாவில் வீடு கிடைத்தது, பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நாய்க்கு யார் ஒதுக்குவார்கள்? காலில் கல் விழுந்து எங்கள் தெருமுனைக்கு வந்து படுத்தது.

தெருவே "ஹட், ஹட்" என்று விரட்டியது. அசையவில்லை. டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்டெல்லா, "ஏ... வழியில படுக்காத. தள்ளிப் படு" என்றார். எழுந்து தள்ளிப் படுத்தது! தமிழ் தெரிந்த நாய். அப்புறம் விடுவாரா? காலுக்குக் கட்டுப்போட்டு, சோறு போட்டு, தன் ஜன்னலுக்குக் கீழே சாக்கு விரித்துக் கொடுத்துவிட்டார்.

தினமும் காலையில் நான் தெருமுனை திரும்பி, மிதிப்பதை நிறுத்திவிட்டு, டிக்டிக்டிக் என்று சரிவில் இறங்கி வருவேன். காலூ தலையைத் தூக்கும். வாலை ஒரு ஆட்டு ஆட்டும். மறுபடி படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் எங்கள் சிநேகம்.

மே மாதத்தில் ஒரு நாள். நான் திரும்பி வந்தபோது ஸ்டெல்லா பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"காதுல என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. குளிருக்கு."

"மே மாசத்துலயா?"

ஸ்டெல்லா என் பின்சக்கரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "ஏசி காத்து ஆகமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அறையில் ஏசி கிடையாது.

ராத்திரி முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிற பெண். கண் அசரும் நேரத்துக்குச் சரியாக நான் டிக்டிக் என்று வந்து இறங்குகிறேன். எத்தனை நாளாகப் பஞ்சோ? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரோ நமக்காக வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போகிறார்கள் என்பது தெரியவரும்போது ஒரு கூச்சம் வருமே... அன்றைக்கு அது வந்தது. இந்த ஹப்பை மாற்றியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் போகல். ஊர்ப் பெயரே அதுதான். 'எங்கே போகல?' என்று கேட்காதீர்கள், பழைய ஜோக். அங்கே சோனு பையாவின் சைக்கிள் கடை. வீட்டு வாசலில் நின்றபடி அவருக்குப் போன் போட்டேன். என் போனில் காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் செத்துப்போய் வெகுகாலம். எது பேசினாலும் லவுட் ஸ்பீக்கர்தான்.

"பையா, குத்தா பஹுத் ஷோர் கர்த்தா ஹை" என்றேன். குத்தா ரொம்பச் சத்தம் போடுகிறது. காலையில் தூங்குகிறவர்களுக்குத் தொல்லை.

"லே ஆயியே சார், சுப் கரா தேங்கே" என்று போன் முழங்கியது. கொண்டுவாருங்கள், வாயை அடைத்துவிடலாம்.

"ஒரேயடியாக அடங்கிவிடுமா?"

"நிரந்தரமாக அடங்கும். அடங்காவிட்டால் மூட்டையோடு எடுத்துத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆஜ் ஹீ லாயியே. இன்றைக்கே கொண்டுவாருங்கள்."

"அச்சா, யாருக்கும் தொல்லையில்லாமல் சாயங்காலம் கொண்டுவருகிறேன்."

எனக்குப் பெரிய நிம்மதி. விசிலடித்துக்கொண்டே மாடிக்குப் போனேன்.

பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தது.

சாயங்காலம் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனேன். சோனு பையா ஹப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், இந்தச் சத்தத்துக்காகவே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நீங்கள் இதைப் போய்..." என்று இழுத்தார். நான் பிடிவாதமாக நின்றதும் கைநிறைய கெட்டி கிரீஸ் எடுத்து உள்ளே அப்பினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை. பூனை நடந்த மாதிரி.

சந்தோஷமாகத் தெருவுக்குள் வந்தேன். ஜன்னலுக்குக் கீழே சாக்கு மட்டும் கிடந்தது. காலூவைக் காணவில்லை. ஊர் சுற்றப் போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் காணவில்லை. எதிரே வந்த ஸ்டெல்லாவிடம் "காலூ எங்கம்மா?" என்று கேட்டேன்.

நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?

அதன்பிறகு பேச்சு நின்றது. நான் படியில் இறங்கினால் அவர் கதவு சாத்தும். என்ன தப்பு செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். வீட்டுக்கார ஆன்ட்டிஜிதான் ஒரு நாள் படியில் நிறுத்திப் பாதி விஷயத்தைச் சொன்னார்: "தெரியுமா? ஸ்டெல்லா காலி செய்கிறாள். அறைக்குள் அந்த நாயைப் பூட்டி வைத்திருக்கிறாள். ராத்திரி ஒரே முனகல். நாயை வெளியே விடு, இல்லாவிட்டால் அறையை விடு என்று சொன்னேன். அறையை விடுகிறேன் என்கிறாள், பாகல் லட்கி, பைத்தியக்காரப் பெண்! ஒரு தெருநாய்க்காக!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நிம்மதியாகக் கிடந்த நாயை எதற்காக உள்ளே பூட்ட வேண்டும்? தில்லியில் நல்ல வீட்டுக்காரர் கிடைப்பது லேசா? அதுவும் நைட் டியூட்டி பார்க்கும் தனியான பெண்ணுக்கு? மனதுக்குள் இதையே ஓட்டிக்கொண்டு மறுநாள் காலை லோதி ரோடு வரைக்கும் போனேன்.

சிக்னலில் பச்சை விழுந்தது. சீட்டிலிருந்து எழுந்து நின்று பெடலை ஓங்கி மிதித்தேன். பெடல் வெறும் காற்றில் இறங்கியது. கிரீஸில் ஊறிப்போன குத்தா பல்லைக் கவ்வவில்லை. நான் ஹேண்டில்பார் மேல் சரிந்து, முழங்கால் முதலில் போய்த் தார்ரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி என் பரம்பரையை விசாரித்தார். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பெயரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு நன்றி.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தேன். பேசக் கூடாது என்றிருந்த ஸ்டெல்லா என் காலைப் பார்த்துவிட்டார். கோபம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். தொழில் ஜெயித்தது.

"இருங்க" என்று சொல்லி உள்ளே போய் மருந்துப் பெட்டியோடு வந்தார். வந்ததும் முதல் காரியமாகக் கதவை இழுத்துச் சாத்தினார். என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்தார். மேலே சொன்னேனே, அந்த அழுத்து... அது இப்போது.

"வலிக்கட்டும்" என்றவர் அத்தோடு நிறுத்தவில்லை.

"அந்த வாயில்லா ஜீவன் ஒங்கள என்ன செஞ்சுது?"

"எதும்மா?"

"நடிக்காதீங்க. நீங்க வந்தாச்சுன்னு பஞ்ச எடுத்துட்டேன், கேட்டேன்லா எல்லாத்தையும். ஜன்னல்கிட்டதான நின்னு பேசுனீங்க? குத்தா சத்தம் போடுது, சாயங்காலம் கொண்டாறேன், வாய அடைச்சிருங்கன்னு. மூட்டையில கட்டித் தூக்கிப் போடுதானாம் அவன்! எனக்குத் தூக்கம் கெடுதுன்னு நான் சொன்னனா? நான் கேட்டனா ஒங்ககிட்ட?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. பஞ்சு காலிலேயே நின்றது.

"ஏற்கெனவே ஒரு வீடு போய் வந்தவனாக்கும் அவன். கால்வேற போச்சு. இங்க இருந்தா என்னைக்காவது ஒங்க ஆளு வந்து புடிச்சிருவான். அதான் நாங்க ரெண்டு பேரும் போறோம். நீங்க நிம்மதியா இருங்க."

எனக்கு முதலில் திகைப்பு. அப்புறம் புரிந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது — அடிபட்டவன் சிரிக்கக் கூடாத நேரத்தில் வரும் சிரிப்பு.

"சிரிக்கீங்களா?"

"அது நாய் இல்லம்மா. குத்தா."

"குத்தான்னா நாய்தான? தில்லியில இத்தன வருசம் நான் என்ன காது குத்திக்கிட்டா இருந்தேன்?"

சைக்கிளைக் காட்டினேன். ஹப்பைக் காட்டினேன். பல், நாக்கு, ஸ்பிரிங் எல்லாம் சொன்னேன். ஸ்டெல்லா நம்பவில்லை. "இரும்புக்கு எவனாவது நாயின்னு பேரு வைப்பானா?" என்றார். வேறு வழி? சோனு பையாவுக்கே போன் போட்டேன். லவுட் ஸ்பீக்கர்.

"பையா, நீங்களே மேடத்திடம் சொல்லுங்கள், குத்தா விஷயம்."

நான் விழுந்த கதை அதற்குள் சோனு பையாவுக்கு எப்படியோ எட்டியிருந்தது போலும். பதறிப்போய் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்: "மாஃப் கீஜியே மேடம்ஜி, தப்பு என்னுடையதுதான். குத்தா மூன்றையும் கிரீஸில் முக்கியிருக்கக் கூடாது..."

"மூணா?" ஸ்டெல்லா நெஞ்சில் கை வைத்தார்.

"தீனோ! மூன்றும் மூச்சுத் திணறி ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, துடைத்து, ஸ்பிரிங் மாற்றிப் போட்டுவிடுகிறேன்."

கடைசியில் அந்த ஸ்பிரிங் எங்களைக் காப்பாற்றியது. நாய்க்கு ஸ்பிரிங் மாற்ற முடியாதே? ஸ்டெல்லா போனைப் பார்த்தார், ஹப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே பூட்டிக் கிடந்த காலூ அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கதவைப் பிறாண்டியது.

தில்லித் தமிழர்கள் எல்லோரும் இந்தி பேசுகிறோம். ஆனால் ஒரே இந்தியையா? என்னுடையது பட்டறை இந்தி. ஸ்டெல்லாவுடையது வார்டு இந்தி — எங்கே வலிக்கிறது, எப்போது சாப்பிட்டீர்கள், மூச்சை இழுத்து விடுங்கள். சோறு கிடைத்த இடத்தில் கற்ற பாஷை. பள்ளிக்கூடத்தில் கற்றிருந்தால் இரண்டு பேரும் ஒரே இந்தி பேசியிருப்போம். இப்படிச் சிரித்திருப்போமா, சொல்லுங்கள்?

கதவு திறந்தது. காலூ மூன்று காலில் பாய்ந்து வந்து என் முழங்காலை மோந்து பார்த்தது. "இவரு நம்ம அண்ணன்டா. ஒண்ணும் செய்யமாட்டாரு" என்று ஸ்டெல்லா அதற்குச் சொன்னார். ஆன்ட்டிஜியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அறையும் தப்பியது, சாக்கும் பழைய இடத்துக்கு வந்தது.

சரி, ஹப்?

சத்தமில்லாத ஹப் தேடும் அன்பர்களுக்கு அடிபட்டவன் என்ற தகுதியில் நான்கு வார்த்தை. கிரீஸை அப்பிச் சத்தத்தை அடக்காதீர்கள். அளவாகப் போட்டால் கொஞ்சம் குறையும், அதிகமானால் என் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லும் குத்தாவும் கூடக்கூட மிதித்ததும் சட்டென்று பிடிக்கும், சத்தமும் பொதுவாகக் கூடும். ரிம் உயரமாகவும் உள்ளே கூடாகவும் இருந்தால் மேளம் மாதிரி அதை இன்னும் பெரிதாக்கும். அப்புறம், குத்தாவே இல்லாத ஹப் ஒன்றும் இருக்கிறது. உள்ளே சின்ன உருளைகள். மிதித்தால் இறுகிப் பிடிக்கும், விட்டால் சத்தமில்லாமல் வழிவிடும். கொஞ்சம் கனம். கடைகளில் எளிதில் கிடைக்காது. உங்கள் வண்டியின் பின்பக்க அகலம், பிரேக், கியர் மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

எனக்கு அது கிடைத்த கதை வேறு. ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் சோனு பையா விசாரித்திருக்கிறார். அங்கே ஒரு கடையில் அப்படிப்பட்ட ஹப் தூசி படிந்து கிடந்ததாம். ஆசையாகத் தருவித்த வாடிக்கையாளர் இரண்டே நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். என்ன குறையாம்? சத்தமே வரவில்லையாம்!

யாரோ ஒருவர் வேண்டாம் என்று வைத்த அமைதி எனக்கு மலிவாகக் கிடைத்தது. சோனு பையா தன் தப்புக்குப் பரிகாரமாகக் கூலி வாங்காமல் புது ஸ்போக்ஸ் கோத்துச் சக்கரம் கட்டிக்கொடுத்தார். அவருக்கும் நன்றி.

கால் ஆறி, முதல் நாள் காலை. சுற்றிவிட்டு வந்தேன். தெருமுனை திரும்பினேன். மிதிப்பதை நிறுத்தினேன். ஆகா... என்ன அமைதி! டயர் தரையைத் தொடும் ஓசை மட்டும். ஸ்டெல்லாவின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. தூங்கு தாயே, நன்றாகத் தூங்கு என்று நினைத்தபடி காற்றாக இறங்கி வந்தேன்.

"வவ்! வவ் வவ் வவ்!"

காலூ! சாக்கிலிருந்து துள்ளி எழுந்து, திருடனைக் கண்ட மாதிரி தெரு அதிரக் குரைத்தது. எதிர்வீட்டு நாய் சேர்ந்துகொண்டது. அடுத்த தெரு நாய் பதில் கொடுத்தது. "நான்தாண்டா! டேய், நான்தாண்டா!" என்று நான் கத்த, ஆன்ட்டிஜி பால்கனிக்கு வந்துவிட்டார்.

ஜன்னலில் ஸ்டெல்லாவின் முகம். தூக்கம் கலைந்த கண்கள். காதில் பஞ்சு இல்லை; இன்றைக்குத் தேவைப்படாது என்று நம்பியிருக்கிறார் பாவம்.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"சத்தமில்லாம வந்தேம்மா."

ஸ்டெல்லா காலூவைப் பார்த்தார். "அவனுக்கு ஒங்க மூஞ்சி தெரியாதுண்ணே" என்றார். "அந்த டிக் டிக்தான் நீங்க."



எத்தனையோ ஊர்களில் இருந்திருக்கிறேன். வந்ததை யாரும் பார்த்ததில்லை, போனதை யாரும் கேட்டதில்லை. அதை ஒரு குறையாகவும் நான் நினைத்ததில்லை. ஊர் சுற்றுகிறவனுக்கு அது வசதிதான். ஆனால் இங்கே ஒரு பெண் என் சத்தத்தைக் காதில் பஞ்சு வைத்துப் பொறுத்திருக்கிறாள். அதே சத்தத்துக்காக ஒரு நாய் தினமும் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறது. வந்துவிட்டானா? வந்துவிட்டான். சரி, படுக்கலாம். இந்த வயதில் இது எனக்குக் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"பழைய ஹப்பையே போட்டுரட்டுமாம்மா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று அவசரமாகச் சொன்னார். பிறகு நோயாளிக்கு மருந்து எழுதித் தருகிற குரலில்: "முக்கு திரும்பும்போது வாயால டிக் டிக்குன்னு சொல்லிக்கிட்டு வாங்க. மெதுவா. அவனுக்கு மட்டும் கேக்குத மாதிரி. தினமும் காலையில ஒருவேள."

நர்ஸ் சொன்னால் மறுக்க முடியுமா? மறுநாள் முனை திரும்பியதும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினேன். டிக் டிக் டிக். காலூ தலையைத் தூக்கியது. வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. படுத்துக்கொண்டது. ஜன்னலுக்குள் மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹப்பிலிருந்த மூன்று குத்தாவும் போயாச்சு. அவற்றின் வேலையை இப்போது சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் குத்தா பார்க்கிறது.